பேட்டரியோடு ஒரு தாளும் கொடுங்கள்

“ஃபோன் மாதிரிதானே அண்ணா, ராத்திரி சார்ஜ் போட்டுட்டுத் தூங்கிடலாம்ல?” சென்னை ரிச்சி தெருவில் என் கடைக்கு வந்து லிபோ பேட்டரி வாங்கும் கல்லூரிப் பிள்ளைகளில் விவரமானவர்கள் இப்படிக் கேட்கவாவது செய்கிறார்கள். மற்றவர்கள் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போய், தலையணைக்குப் பக்கத்திலேயே சார்ஜ் போட்டுவிடுகிறார்கள்.

கடையில் மோட்டார், புரொப்பெல்லர், ரிமோட், ஸ்பீடு கன்ட்ரோலர் எல்லாம் விற்கிறேன். அத்தனையையும் ஓட்டுவது லித்தியம் பாலிமர் பேட்டரி. எங்கள் வட்டாரத்தில் சுருக்கமாக லிபோ. வாங்க வருகிறவர்கள் பல தினுசு. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு டிரோன் கட்டும் மாணவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் விமானம் விடும் ஓய்வுபெற்ற அதிகாரிகள், விழுப்புரம், செஞ்சிப் பக்கம் வயலுக்கு மருந்தடிக்கும் டிரோன்காரர்கள். இப்போது கொஞ்ச காலமாக, “பையனோட ஜெல் துப்பாக்கி சுடமாட்டேங்குது, பேட்டரி மட்டும் கிடைக்குமா?” என்று கேட்டு வரும் அம்மாக்களும் இதில் சேர்த்தி. இவர்கள் கையில் இருக்கும் சாமான் வேறு வேறு. உள்ளே இருக்கும் ரசாயனம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

என் கட்சி இதுதான். லிபோ பேட்டரி விற்கிற எவரும், அதை எப்படிச் சார்ஜ் போடுவது, எப்படி எடுத்து வைப்பது என்று தமிழில் அச்சடித்த ஒரு தாளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த பேட்டரிக்கு ஏற்ற சார்ஜர் இல்லாதவருக்கு அதை விற்கவே கூடாது. வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள் சக கடைக்காரர்கள். நானும் இதே வியாபாரத்தில் சோறு தின்கிறவன்தான், தெரிந்துதான் சொல்கிறேன்.

ஃபோனோடு ஒப்பிடுவதில்தான் கோளாறே ஆரம்பிக்கிறது. ஃபோன் பேட்டரியின் தலைமாட்டில் விரல் அகலத்துக்கு ஒரு சின்ன சர்க்யூட் பலகை உண்டு. வோல்டேஜ் அளவுக்கு மேல் போனால் அது துண்டித்துவிடும், அளவுக்குக் கீழே போனாலும் துண்டித்துவிடும். அதற்கு மேல் ஃபோனின் மென்பொருள் வேறு சூட்டைப் பார்த்துச் சார்ஜைக் குறைக்கும். இத்தனை காவல் இருந்தும் 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 உலகம் முழுக்கத் தீப்பிடித்து, கடைசியில் அந்த மாடலையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. செல்லுக்குள் இருந்த குறையே காரணம் என்று அடுத்த ஆண்டு ஜனவரியில் நிறுவனமே விளக்கம் கொடுத்தது.

டிரோனுக்கும் ரிமோட் காருக்கும் நான் விற்கும் பேக்கில் அந்தப் பலகை கிடையாது. செல்கள், அவற்றைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை, ஒரு தடித்த ஒயர், ஒரு மெல்லிய ஒயர், அவ்வளவுதான். காரணம் கஞ்சத்தனம் இல்லை. 2200 எம்ஏஎச், 25சி (கொள்ளளவைப் போல 25 மடங்கு கரண்ட்) என்று லேபிள் போட்ட பேக் ஒரே நேரத்தில் 55 ஆம்பியர் வரை தள்ளக்கூடியது. அவ்வளவு கரண்டைத் தாங்கும் காவல் சர்க்யூட் வைத்தால் எடையும் விலையும் ஏறும்; விமானம் மேலே கிளம்பாது. ஆகவே ஃபோனில் அந்தச் சின்னப் பலகை செய்யும் வேலையை இங்கே நாம் செய்ய வேண்டும். இதை வாங்குகிறவரிடம் யாரும் சொல்வதில்லை.

தெரிந்துகொள்ள வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். ஒரு லிபோ செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். லேபிளில் பெயரளவுக்குப் போடுவது 3.7. ஓட்டி ஓட்டி 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் உள்ளுக்குள் கெட ஆரம்பிக்கும். இன்னும் வெகுவாக இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைந்து, அடுத்த முறை சார்ஜ் ஏற்றும்போது தப்பான இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம். அதனால் 3.5 பக்கம் வந்ததும் நிறுத்திவிடுவது நல்லது. எடுத்து வைக்கும்போது 3.8, அல்லது அதற்கு ஒரு நூல் மேலே. 3எஸ் என்றால் மூன்று செல், முழுதாக ஏறினால் 12.6. இவ்வளவுதான் கணக்கு. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். நான் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

அண்மையில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியிலிருந்து ஒரு பையன் 3எஸ் பேக் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். மேசையில் வைத்துத் துண்டைப் பிரித்ததும் மூக்கில் ஏறியது அந்த வாசனை: நெயில் பாலிஷ் போல இனிப்பும் காட்டமும் கலந்த ஒன்று. செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் கசிந்தால் இப்படித்தான் மணக்கும். தட்டையாக இருக்க வேண்டிய பேக் இரண்டு பக்கமும் பூரி போல உப்பியிருந்தது.

“கொஞ்சம்தான் உப்பியிருக்கு அண்ணா. ஓட்டலாமா?”

வெள்ளை நிறத்தில் தனியாக வரும் மெல்லிய ஒயரை, அதாவது பேலன்ஸ் பின்னை, ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் காட்டும் செல் செக்கரில் செருகினேன். முதல் செல் 4.41. இரண்டாவது 4.38. மூன்றாவது 3.74. கூட்டிப் பார்த்தால் 12.53.

“எப்படிப்பா சார்ஜ் போட்டே?”

“மெயின் ஒயர்லதான் அண்ணா. அந்த வெள்ளை ஒயர் எதுக்குன்னு தெரியல. 12.6 வரலைன்னு இன்னும் ஒரு மணி நேரம் போட்டேன்.”

இதைவிடத் தெளிவாக ஒரு பாடத்தை நான் சொல்லிவிட முடியாது. சார்ஜருக்குத் தெரிந்தது மொத்த வோல்டேஜ் மட்டும். மூன்றாவது செல் தளர்ந்துபோயிருந்தது. மொத்தத்தில் குறையும் வோல்ட்டை மற்ற இரண்டு செல்லின் தலையில் சார்ஜர் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. 4.2-ஐத் தாண்டினால் எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு உண்டாகும். கிராஃபைட்டின் மேல் உலோக லித்தியம் படியும். உப்புவது அந்த வாயுவால். அந்தப் பையன் இன்னும் அரை மணி நேரம் பொறுமையாக இருந்திருந்தால் துண்டில் சுற்றிக் கொண்டுவர எதுவும் மிஞ்சியிருக்காது. பேக்கை அவனிடம் திருப்பித் தரவில்லை. பின்பக்கச் சந்தில் மணல் வாளியில் வைத்து, கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டி மெல்ல இறக்கினேன். வெள்ளை ஒயர், சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்து சமன் செய்வதற்கு என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. அந்த பேட்டரியை அவனுக்கு விற்றவர் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

உப்பிய பேட்டரியில் ஊசியால் குத்திக் காற்றை இறக்கும் வீடியோக்களை யாரோ போட்டுத் தொலைக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுச் செய்தவர்களும் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உப்பினால் அந்த பேட்டரியின் ஆயுள் முடிந்தது, பேரம் பேசாதீர்கள்.

சார்ஜ் ஏற்றும் வேகம் பற்றி. 2200 எம்ஏஎச் பேக் என்றால் 2.2 ஆம்பியர், 1300 என்றால் 1.3 ஆம்பியர். இதை 1சி என்போம். இந்த வேகத்தில் ஏற்றினால் பேட்டரி நிறைய ஏறத்தாழ ஒரு மணி நேரம், கடைசியில் செல்களைச் சமன் செய்யக் கொஞ்சம் கூடுதல். ஒரு மணி நேரத்தில் முடியும் காரியத்துக்கு இரவு முழுக்கச் சார்ஜரில் போட்டு வைப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? நான் விழித்திருக்கிறேன், அதே அறையில் இருக்கிறேன் என்றால் மட்டும் சார்ஜ் போடுங்கள். குளிக்கப் போனால்கூட நிறுத்திவிட்டுப் போங்கள். இது அதிகப்படியாகத் தோன்றினால், 2022 மார்ச்சில் வேலூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரை இரவில் வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கினார்கள் ஒரு தந்தையும் மகளும். இருவருமே புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். ஸ்கூட்டர் பேட்டரியும் என் கடை பேட்டரியும் அளவில் வேறு, கட்டுமானத்தில் வேறு. ஆனால் தீப்பிடித்தால் இரண்டிலிருந்தும் வருவது அதே நச்சுப் புகை. அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும். நெருப்பு எட்டுவதற்குள் புகை எட்டிவிடும் என்பதுதான் தூங்குகிறவருக்குள்ள ஆபத்து.

தப்பான சார்ஜர் அடுத்த வில்லன். இதற்கு நல்ல உதாரணம் ஏர்சாஃப்ட். ஜப்பானில் தோன்றிய விளையாட்டு அது. நிஜத் துப்பாக்கியின் அச்சாக இருக்கும் பொம்மையில் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைப் போட்டு ஒருவரையொருவர் சுடுவார்கள். 1991-இல் டோக்கியோ மருயி நிறுவனம் பேட்டரியில் ஓடும் மின்துப்பாக்கியைக் கொண்டுவந்தபோது அதற்குள் இருந்தது நிக்கல் காட்மியம் பேட்டரி. அது முரட்டு ஜாதி. சார்ஜரில் மறந்து விட்டாலும் சூடாகி அடங்கும். பிறகு லிபோ வந்தது: எடை குறைவு, ட்ரிகரை அழுத்திய உடனே சுடும். எல்லாரும் மாறினார்கள். ஆனால் பேட்டரியின் முனையில் இருந்த டாமியா பிளக் மட்டும் பல பேக்குகளில் மாறவில்லை. பழைய நிக்கல் சார்ஜரில் புதிய லிபோ கச்சிதமாகப் பொருந்தியது. நிக்கல் சார்ஜருக்கு 4.2-இல் நிறுத்த வேண்டும் என்று தெரியாது. அது பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே போகும். அந்த விளையாட்டுக்காரர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்: பிளக் பொருந்துகிறது என்பதால் சார்ஜர் பொருந்திவிடாது.

அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இன்னும் உண்டு. துப்பாக்கியின் பின்கட்டைக்குள் இருக்கும் ஒடுக்கமான குழாயில் குச்சி வடிவ பேட்டரியைத் திணிப்பார்கள். ஒயர் நசுங்கி உறை கிழிந்தால் அங்கேயே ஷார்ட். ஆகவே நுழையாததை அழுத்தி நுழைக்காதே என்பது அவர்கள் பழக்கம். சாதாரண ட்ரிகரில் வோல்டேஜ் இறங்கினால் நிறுத்தும் ஏற்பாடு எதுவும் இல்லை. சுடும் வேகம் குறைந்ததும் பேட்டரியை மாற்றிவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுவார்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் சும்மா இருக்கும்போதும் துளித்துளியாகக் கரண்ட் குடிக்கும். சிலர் இராணுவம் கழித்துப்போட்ட இரும்புக் குண்டுப்பெட்டியில் பேட்டரி வைப்பார்கள். ஆனால் மூடியின் ரப்பர் வளையத்தை முதலில் பிடுங்கிவிடுவார்கள். காற்றுப் புகாத பெட்டிக்குள் பேட்டரி வெடித்து வாயு கிளம்பினால் அந்தப் பெட்டியே குண்டாகிவிடும் அல்லவா.

நம் ஊர் ஜெல் துப்பாக்கிக்கு வருவோம். தண்ணீரில் ஊறவைத்த ஜெல் உருண்டைகளைச் சுடும் பொம்மை. உள்ளே பெரும்பாலும் இரண்டு செல், 7.4 வோல்ட். கூடவே ஒரு யூஎஸ்பி ஒயர் சார்ஜர். அதில் ஒரு சிவப்பு விளக்கு. சார்ஜ் முடிந்தால் விளக்கு அணையுமா, எரியுமா என்பது பெட்டிக்குப் பெட்டி வேறு. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அந்த ஆணை 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைப் பற்றியது. என் கடைக்கு வந்த பெட்டிகள் சிலவற்றின் மூலையில் ‘14+’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு வயது எட்டு. அம்மாக்களிடம் நான் சொல்வது ஒன்றே: இந்தத் துப்பாக்கியைப் பையன் சுடட்டும், சார்ஜ் நீங்கள் போடுங்கள், உங்கள் கண்முன் அடுப்படி மேடைக் கல்லின் மேல் போடுங்கள், அடுப்புக்குத் தள்ளி. மெத்தை, சோபா, துணி அலமாரி, இவற்றின் மேல் எந்த பேட்டரியையும் வைக்காதீர்கள்.

சார்ஜ் போடுவதைப் பற்றியாவது நாலு பேர் பேசுகிறார்கள். எடுத்து வைப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. லிபோவை முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் வைப்பது அதைக் கொல்லும் வழி. அதோடு அதற்குள் இருக்கும் சக்தி முழுதும் அப்படியே கிடக்கிறது. விமானச் சரக்குத் துறையைப் பாருங்கள். 2016 ஏப்ரல் 1 முதல், பயணிகள் விமானத்தின் சரக்கறையில் லித்தியம் அயான் பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவது உலக அளவில் தடைசெய்யப்பட்டது. சரக்கு விமானத்தில் ஏற்றினாலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. பேட்டரியில் சக்தி குறைவாக இருந்தால் தீயின் வீரியமும் குறையும் என்ற எளிய கணக்குதான் இதற்கு அடிப்படை. நம் வீட்டு அலமாரிக்கும் அதே பௌதிகம்தான்.

நல்ல சார்ஜர்களில் ‘ஸ்டோரேஜ்’ என்று ஒரு மோடு இருக்கும். அதை அழுத்தினால் செல் ஒன்றுக்கு 3.8 பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிடும், ஏற்ற வேண்டுமானால் ஏற்றியும் இறக்க வேண்டுமானால் இறக்கியும். அது ஒரு பொத்தான். சார்ஜருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள்கூட அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. கேட்டால், “மழை வந்துடுச்சு, பறக்கவிட முடியல, அப்படியே வச்சுட்டேன்” என்பார்கள். மூன்று நாளுக்குள் ஓட்டப்போவதில்லை என்றால் இறக்கி வையுங்கள். மாதம் ஒரு தடவை அளந்து பாருங்கள். செல் செக்கர் விலை இருநூறு முந்நூறுக்குள் அடங்கிவிடும். அளந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும்; மாட்டியே வைத்தால் அது செல்களைச் சரிசமமில்லாமல் குடித்துவிடும்.

எங்கே வைப்பது? சென்னையில் மே மாதம் மூடிய காரின் டாஷ்போர்டு தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும். அங்கே வேண்டாம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் வேண்டாம். ஃப்ரிட்ஜின் மேலே வேண்டாம், உள்ளேயும் வேண்டாம்; வெளியே எடுத்தால் ஈரம் பூக்கும், வீட்டில் சண்டையும் வரும். கட்டட வேலைக்கு வாங்கும் ஹாலோ பிளாக் கல் ஒன்று, மேலே மூட உடைந்த தரை டைல் ஒன்று: இதுபோதும். கல்லின் குழிக்குள் பேட்டரியை வைத்து டைலை லேசாகச் சாத்துங்கள். புகை போக இடுக்கு இருக்கட்டும். லிபோ பை என்று ஒன்றை நானே விற்கிறேன். அது நெருப்பை ஓரளவு அடக்கும், புகையை அடக்காது. பைக்குள் போட்டுவிட்டேன், இனிக் கவலையில்லை என்று யாராவது சொன்னால் நான் திருத்துவேன். வீட்டு வாசலுக்குப் போகும் வழியில் மட்டும் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் நீங்கள் ஓட வேண்டிய வழி அது.

அப்படியே பிடித்துவிட்டால்? சார்ஜரின் சுவிட்சை அணைக்க முடிந்தால் அணையுங்கள். சின்ன பேக், இன்னும் புகை மட்டும் வருகிறது, கைக்கு எட்டும் தூரத்தில் நீளமான இடுக்கி இருக்கிறது என்றால் வெளியே கொண்டுபோய்த் திறந்தவெளியில் போடலாம். இல்லையென்றால் தொடாதீர்கள். ஜன்னல் திறக்க நின்று நேரம் கடத்தாமல் எல்லாரையும் வெளியேற்றி, 101 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள். லித்தியம் என்றாலே தண்ணீர் கூடாது என்று பள்ளிப் பாடத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். இந்த பேட்டரியில் உலோக லித்தியம் மிகக் குறைவு. மின் இணைப்பைத் துண்டித்த பிறகு ஏராளமாகத் தண்ணீர் ஊற்றுவது சூட்டைத் தணிக்கும், பக்கத்துச் செல்லுக்குப் பரவாமல் தடுக்கும். அரைக் குவளை ஊற்றுவதால் பயனில்லை. அணைந்ததும் உடனே கையில் எடுக்காதீர்கள், மறுபடி பற்றிக்கொள்ளும்.

டிரோன்காரர்களின் நிலைமை இன்னும் பெரிது. வயலுக்கு மருந்தடிக்கும் டிரோனில் 12 செல், 16,000 எம்ஏஎச் பேட்டரி என்றால் அதில் இருப்பது 710 வாட் அவர் சக்தி. விமானத்தில் பயணி ஒருவர், விமான நிறுவனத்தின் அனுமதியோடு கொண்டுபோகக்கூடிய உச்ச அளவு 160. அதைப்போல நான்கு மடங்குக்கு மேல். நமோ டிரோன் தீதி திட்டத்தில் நாடு முழுவதும் 15,000 மகளிர் குழுக்களுக்கு டிரோன் கொடுப்பதென்று 2023-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. டிரோனோடு கூடுதல் பேட்டரி செட்டுகளும் வேகச் சார்ஜரும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். நல்ல திட்டம். இந்தப் பெரிய பேட்டரிகளில் பலவற்றுக்குக் காவல் சர்க்யூட்டும் உண்டு. ஆனால் அந்த பேட்டரிகள் ராத்திரி எங்கே தூங்குகின்றன? ஒரு ஓட்டு வீட்டின் நடுக்கூடத்தில், நெல் மூட்டைக்குப் பக்கத்தில். பறந்து இறங்கிய பேட்டரி தொட்டால் சுடும். அது ஆறுவதற்குள் ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டால்தான் அடுத்த ஏக்கருக்கு நேரம் கிடைக்கும் என்ற அவசரம் வேறு. பயிற்சியில் பறக்கவிடச் சொல்லித் தருவதற்கு ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை பேட்டரி வைக்கும் இடத்துக்கு ஒதுக்குங்கள். பஞ்சாயத்துக் கட்டடத்தில் சிமெண்டுத் தரையும் கதவும் உள்ள ஒரு சின்ன அறை போதும்.

கல்லூரிகளுக்கும் இதே கோரிக்கை. டிரோன் கிளப் வைத்திருக்கிறோம் என்று விளம்பரத்தில் போடுகிறீர்கள், சரி. சார்ஜ் போட ஒரு கல்மேசை, அருகில் மணல் வாளி, கூரையில் ஒரு புகை அலாரம், யார் எப்போது போட்டார்கள் என்று எழுத ஒரு நோட்டு: இவை இருக்கின்றனவா? இல்லாததால்தான் பிள்ளைகள் விடுதி அறைக்குக் கொண்டுபோகிறார்கள். போட்டி முடிந்து செமஸ்டர் விடுமுறை வந்ததும் முழுச் சார்ஜில் பத்துப் பன்னிரண்டு பேக் மர அலமாரிக்குள் பூட்டப்படுகிறது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. வார்டன் பேட்டரியைப் பறிமுதல் செய்து தன் மேசை இழுப்பறைக்குள் போட்டு வைத்ததையும் கேள்விப்பட்டிருக்கிறேன். அது இன்னும் ஆபத்து.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. கையடக்கக் கருவிகளுக்கான லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 என்ற தரமும் கட்டாயப் பதிவும் இருக்கின்றன. பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் தலையில் சுமத்தி 2022-இல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் வந்துவிட்டன. ஆனால் சந்தையில் புழங்கும் பேக்குகளில் இறக்குமதியாளர் பெயரே இல்லாதவை எத்தனை என்று தெருவில் ஒரு நடை நடந்து பார்த்தால் தெரியும். பெயர் இல்லாதவரிடம் எதைத் திருப்பிக் கொடுப்பது? கடைசியில் அது குப்பை லாரிக்குள் போய் நசுங்குகிறது. துப்புரவுத் தொழிலாளியின் கைக்குப் பக்கத்தில்.

இதையெல்லாம் அரசு வந்து சரிசெய்யும்வரை, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நான் அரைத் தாளில் ஒரு துண்டறிக்கை அடித்து வைத்திருக்கிறேன். எந்த சார்ஜர், எத்தனை ஆம்பியர், வெள்ளை ஒயரைச் செருகு, தூங்கும்போது போடாதே, 3.8-இல் எடுத்து வை, உப்பினால் நிறுத்து, முடிந்தால் என்னிடமே கொண்டுவா. அச்சுக்கூலி ஒரு தாளுக்கு ரூபாய்கூட ஆகவில்லை. அதிலேயே வடையை மடித்துக்கொண்டு போனவரையும் பார்த்திருக்கிறேன். பரவாயில்லை, பத்தில் நாலு பேர் படித்தால் லாபம். இணையத்தில் விற்கும் நிறுவனங்கள் தரும் தாளில் ஆங்கிலமும் சீனமும் கடுகு எழுத்தில் இருக்கின்றன. தமிழில் விளம்பரம் கொடுக்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழில் எச்சரிக்கை அச்சடிக்கத் தெரியாதா?

“பேலன்ஸ் சார்ஜர் இருக்கா?” என்று கேட்டு, இல்லை என்றவரைத் திருப்பி அனுப்பினால் அவர் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார் என்பது உண்மை. எங்கள் தெரு வியாபாரிகள் சேர்ந்து முடிவெடுத்தால் அந்தப் பக்கத்துக் கடையே இருக்காது. சங்கக் கூட்டத்தில் பார்க்கிங் பிரச்சினைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கச் சொல்கிறேன்.

இதைப் படிப்பவர் வீட்டில் டிரோனோ ரிமோட் காரோ ஜெல் துப்பாக்கியோ இருந்தால், இன்று மாலையே அதன் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தாலோ, இனிப்பாக மணந்தாலோ சார்ஜரில் செருகாதீர்கள். முனையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, வீட்டுக்கு வெளியே நிழலில் கல்லின் மேல் வையுங்கள். மறுநாள் மின்னணுக் கழிவு எடுக்குமிடத்திலோ, வாங்கிய கடையிலோ ஒப்படையுங்கள். கடைக்காரர் வாங்க மறுத்தால், விற்கும்போது காசு வாங்கத் தெரிந்தவருக்கு இதையும் வாங்கத் தெரிய வேண்டும் என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.